மஞ்சள் துணியில் முடிந்த வெள்ளிக்காசு

பின்னேரம் மூன்றே முக்கால் மணி. நடுச்சாமம் இல்லை... பின்னேரம். பேய் என்றால் பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று நம்புகிறவர்கள் இந்த நாட்டுக்கு லாயக்கில்லை. நவம்பர் கடைசியில் இங்கே டென்மார்க்கில் நாலு மணிக்கே கண் தெரியாமல் இருட்டிவிடும். இக்காஸ்டுக்கு வெளியே பெரிய வீதியை விட்டு இறங்கினால், ஊசியிலை மரத் தோப்புக்கும் உழுத வயலுக்கும் நடுவே ஒரு கிரவல் பாதை போகிறது. விளக்குக் கம்பம் ஒன்றுகூடக் கிடையாது. அங்கே ஒருவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, கையில் ஒரு நீளக் கம்போடு வயலுக்குள் தனியாக நடந்துகொண்டிருந்தார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து இருங்கள். இந்தப் பனி விடும்வரை ஒருவரும் காரை எடுக்கப் போவதில்லை. இது நான் கட்டிய கதை இல்லை. ஹோர்சன்ஸில் வேர்ஹவுஸில் வேலை செய்கிறானே என் சிநேகிதன் லவன், அவன் சொன்னது. நடந்தது அவனுடைய பெரியப்பாவுக்கு. பெயர் மகேந்திரராசா.

முப்பது வருடம் துணி ஆலையில் நின்ற மனிதர். தோள்மூட்டு போனதும் பாதி நாள் வேலையாக்கிவிட்டார்கள். மிச்சப் பாதி நாளை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டைச் சுற்றிச்சுற்றி வந்து, மனைவி தவமணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்த டேனிஷ்காரர் ஒருவர் தன்னுடைய பழைய டிடெக்டரைக் கொடுத்தார். நிலத்துக்குள் உலோகம் கிடந்தால் சத்தம் போடும் கருவி. அன்றிலிருந்து மனிதர் வயல் வயலாகத் திரிந்தார். கிடைத்ததெல்லாம் ஆணி, பொத்தான், சோடா மூடி. ஒரு துருப்பிடித்த மூடியை லவனிடம் நீட்டி, "தம்பி, சரித்திரம்!" என்றவர் அவர்.

அன்றைக்குக் கருவி வழக்கமாகக் கத்துவதுபோலக் கத்தவில்லை. ஆணி என்றால் 'கர்' என்னும். செம்பு என்றால் 'பீப்' என்னும். இது மெல்ல இழுத்து... ம்ம்ம்... என்று, வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுகிற மாதிரி. பற்றரி போய்விட்டதோ என்று தட்டிப் பார்த்தார். திரும்பவும் அதே முனகல். மண்டியிட்டு, ஒரு சாண் ஆழம் தோண்டினார்.

வெள்ளிக்காசு. உள்ளங்கையை நிறைக்கும் அளவு. விரலால் மண்ணைத் துடைத்தார். ஒரு பக்கம், காம்பு முறிந்து தொங்கும் ஒரு ரோசாப்பூ. மறுபக்கம் தலையும் இல்லை, கிரீடமும் இல்லை. விளிம்பிலிருந்து விளிம்புவரை எழுத்து மட்டும். மூக்கருகே கொண்டுபோனார். மண் வாசனை வரவில்லை. இப்போதுதான் ஊதி அணைத்த மெழுகுதிரியின் வாசனை வந்தது... அந்தப் புகைக்குக் கீழே, ஈரக் கம்பளியும் பாலும் கலந்த மாதிரி இன்னொன்று.

அப்போது கைபேசி அடித்தது. தவமணி.

"இஞ்சேருங்கோ, சுஜீதாவுக்கு ரத்தம் போகுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறம். நீங்கள் வரவேண்டாம், வீட்டை போங்கோ. கால் கழுவிப்போட்டு ஒரு காசு முடிஞ்சு வையுங்கோ. பிள்ளையை வித்து வாங்கிறதெண்டு நேருங்கோ. கேக்குதே?"

"ஓம்... ஓம்..."

சுஜீதா அவர்களுக்கு ஒரே பிள்ளை. அடுத்த தெருவில் குடியிருக்கிறாள். ஏற்கெனவே இரண்டு தரம் வயிற்றில் தங்காமல் போயிருந்தது. இது மூன்றாவது, ஆறாம் மாதம். இதுவும் போனால் மகள் எழும்பமாட்டாள் என்று மகேந்திரராசாவுக்குத் தெரியும். கருவியைப் பின் ஆசனத்தில் எறிந்துவிட்டு, காரை விட்ட வேகத்தில் கிரவல் கல் பறந்தது.

இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்கிறேன், கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்று வந்தால் எங்கள் ஆட்கள் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமிப் படத்தடியில் வைத்து நேர்வார்கள். காரியம் ஆனதும் அந்த முடிச்சு கோயில் உண்டியலுக்குப் போகும். பிள்ளை தங்காத வீடு என்றால் அதற்கு மேலே ஒன்று உண்டு: பிறந்த பிள்ளையைச் சாமிக்கு விற்றுவிடுவது. ஐயரின் கையில் பிள்ளையைக் கொடுத்து, இனி இது உன்னுடையது என்று சொல்லி, பிறகு ஒரு பேச்சுக்கு விலை கொடுத்துத் திரும்ப வாங்குவது. சாமியின் பிள்ளை என்றால் ஒன்றும் அண்டாது என்ற நம்பிக்கை. சிரிக்காதீர்கள். உங்களில் இரண்டு பேர் அப்படி விற்று வாங்கப்பட்டவர்கள். யாரென்று உங்கள் அம்மாமாரைக் கேளுங்கள்.

மகேந்திரராசா வீட்டுக்கு வந்தார். கால் கழுவினார். விளக்கை ஏற்றினார். துணியில் மஞ்சள் தோய்த்தார். எல்லாம் சரி... காசு இல்லை.

உங்கள் பையில் இப்போது ஒரு குரோனர் காசு இருக்கிறதா? பாருங்கள். எவரிடமும் இல்லை அல்லவா? அவர் வீட்டிலும் அதேதான். தவமணி விட்டுப்போன பழைய கைப்பை முழுக்க அட்டைகள். அலுமாரித் தட்டு, மேசை லாச்சி, சோபா இடுக்கு... ஒன்றும் இல்லை. கார் முழுக்கத் தேடி எடுத்தது சூப்பர்மார்க்கெட் வண்டிலுக்குப் போடும் ஒரு பிளாஸ்டிக் வில்லை. அதையா சாமிக்கு முடிவது? எல்லாக் கொடுக்கல் வாங்கலையும் கைபேசிக்குள் போட்டுக்கொண்ட நாட்டில், மகள் உயிருக்குப் போராடும் நேரத்தில், ஒரு தகப்பன் முழங்காலில் நின்று கார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து அழுதார்.

சட்டைப்பைக்குள் அந்த வெள்ளி கனத்தது.

நிலத்தில் கிடைத்த பழைய வெள்ளி இங்கே அரசாங்கத்துக்குச் சொந்தம். அருங்காட்சியகத்தில் கொடுக்கவேண்டும். அது அவருக்கு வடிவாகத் தெரியும். ஆனாலும் எடுத்தார். மஞ்சள் தண்ணீரில் கழுவினார். துணியில் வைத்து முடிந்தார். வீட்டில் சாமியோடு கதைக்கிறவள் எப்போதும் தவமணிதான். இவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. எந்தச் சாமிக்கு என்று பெயர்கூடச் சொல்லவில்லை. முடிச்சைக் கைக்குள் பொத்திக்கொண்டு, வாயில் வந்ததைச் சொன்னார்.

"பிள்ளையைக் காப்பாத்தித் தா. உயிரோட பிறந்தா உனக்கே வித்துப்போடுறன்."

திரும்ப வாங்குவேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். கைபேசி அடித்துவிட்டது. ரத்தம் நின்றுவிட்டதாம். குழந்தையின் இதயம் நன்றாக அடிக்கிறதாம். தவமணி அழுதுகொண்டே சிரித்தாள். மகேந்திரராசா முகத்தைத் துடைத்துக்கொண்டு விளக்கைப் பார்த்தார். அது நின்று எரிந்துகொண்டிருந்தது. அறை முழுக்க, அணைத்த திரியின் வாசனை.

மார்ச் பதினான்காம் திகதி பெண் குழந்தை பிறந்தது. முழு மாதம், முழு நிறை. பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்ததும் அம்மன் கோயிலுக்குப் போனார்கள். ஐயர் பிள்ளையை வாங்கி அம்மன் காலடியில் கிடத்தினார். தாய்மாமன் முறைக்கு லவன் நின்று, அவன் கையால் விலை கொடுத்து வாங்கினான். மஞ்சள் முடிச்சை அவிழ்க்காமலே உண்டியலில் போட்டார்கள். உள்ளே என்ன காசு என்று மகேந்திரராசா ஒருவருக்கும் சொல்லவில்லை. மண்ணுக்குள் கிடந்ததை எடுத்துச் சாமிக்கு முடிந்ததாகத் தெரிந்தால் தவமணி அவரை உயிரோடு விடமாட்டாள்.

அதற்குப் பிறகுதான் பிள்ளை வண்டில் விஷயம் தொடங்கியது.

டேனிஷ்காரர் குழந்தையை வெளியில்தான் நித்திரையாக்குவார்கள். பனியோ குளிரோ, வண்டிலுக்குள் போர்த்திக் கிடத்தித் தோட்டத்தில் விட்டுவிடுவார்கள். வீட்டுக்குள், பிள்ளையின் சத்தத்தைக் கேட்கவைக்கும் பேபி அலாம் இருக்கும். சுஜீதா இங்கே பிறந்தவள், அவளும் அப்படித்தான் செய்தாள். தவமணி கத்திப் பார்த்தாள். "Mor, det er helt normalt" என்று மகள் டேனிஷில் ஒரு வரியில் முடித்துவிட்டாள். இது இங்கே சாதாரணம், அம்மா!

முதலில் போர்வை. சுஜீதா தளர்வாகப் போர்த்திவிட்டு வருவாள். போய்ப் பார்த்தால், கழுத்திலிருந்து கால்வரை போர்வை இறுக்கிச் சுற்றப்பட்டிருக்கும். ஒரு கை வெளியே வராது. பட்டி பட்டியாக, ஒன்றின்மேல் ஒன்று ஒழுங்காக ஏறி, நுனி அடியில் செருகியிருக்கும். அம்மாவின் வேலை என்று சுஜீதா நினைத்தாள். நிறை பார்க்க வீட்டுக்கு வரும் டேனிஷ் தாதி சொல்லிக்கொடுத்தது என்று தவமணி நினைத்தாள். ஏற்கெனவே வண்டிலுக்காகச் சண்டை பிடித்துக் களைத்தவர்கள், ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.

பிறகு பால். நித்திரையால் எழும்பி வரும் குழந்தை தாயின் மார்பைத் தொட மறுத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. சுஜீதாவுக்கு மார்பு கட்டி வலித்தது. குளியலறைக்குள் போய் அழுதாள். தாதி நிறுத்துப் பார்த்தாள். நிறை ஏறிக்கொண்டே இருந்தது. "நல்லாய் ஊட்டுறீங்கள்" என்று தாதி பாராட்டிவிட்டுப் போனாள்.

ஒக்டோபர் மாதம் ஒரு நாள் பகல் சுஜீதா தலையிடி என்று படுத்துவிட்டாள். மகேந்திரராசா அவள் வீட்டுக் குசினிக்குள் தனியாக இருந்தார். மேசையில் பேபி அலாம். அதற்குள் கிரீச்... கிரீச்... வண்டிலின் வில் ஆடும் சத்தம். ஜன்னலால் பார்த்தார். கொடியில் காயப்போட்ட உடுப்பு ஒன்றும் அசையவில்லை. காற்று இல்லை. கிரீச்... கிரீச்... அதற்குப் பின்னால், மெல்ல...

ம்ம்ம்... ம்ம்ம்...

ஒரு பெண். வாயை மூடிக்கொண்டு பாடுகிறாள். தமிழ்த் தாலாட்டும் இல்லை, டேனிஷும் இல்லை. நாலு அடி ஏறி, ஐந்தாவதில் விழும் ஒரு ராகம். மகேந்திரராசா செருப்பும் போடாமல் தோட்டத்துக்கு ஓடினார். வண்டில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் கை வைத்துத்தான் நிறுத்தினார். குழந்தை கண் திறந்து கிடந்தது, இறுக்கிச் சுற்றிய போர்வைக்குள், திருப்தியாக. கடைவாயில் பால் வழிந்திருந்தது. பெருவிரலால் துடைத்தார்.

பால் சூடாக இருந்தது.

அந்த நேரம் அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். லவனுக்கு மட்டும் சொன்னார், அதுவும் இன்னொரு காரணத்துக்காக. ஓகஸ்டில் திருவிழா முடிந்து உண்டியலைத் திறந்தபோது, கோயிலில் பொறுப்பாக இருக்கும் கந்தையா அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, நேரே இவருக்குத்தான் தொலைபேசி எடுத்திருந்தார். இக்காஸ்டில் வயலைக் கிண்டித் திரியும் தமிழன் வேறு யார்?

"ராசாண்ணை, இது உங்கட வேலைதானே? உண்டியலுக்கை அரசாங்கச் சாமான் கிடந்தா எங்களுக்கெல்லோ வில்லங்கம். கொண்டுபோய் மியூசியத்திலை குடுங்கோ."

ஆக, அம்மன் அந்தக் காசை எடுக்கவில்லை. கோயில் திருப்பிக் கொடுத்துவிட்டது. அது புரிந்த நாளிலிருந்துதான் மகேந்திரராசாவுக்கு நித்திரை போனது. அம்மனிடம் விற்கவில்லை என்றால்... பிள்ளையை யாரிடம் விற்றார்?

காசு பக்கத்து நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கிருந்து கோபன்ஹேகனுக்குப் போனது. நவம்பர் இருபத்துநாலாம் திகதி அருங்காட்சியகத்துப் பெண் தொலைபேசி எடுத்தாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானூறு வருடப் பழசாம். ஜெர்மன் பக்கத்தில் அப்போதிருந்த ஒரு குட்டிச் சமஸ்தானத்துக் காசு. பெயரும் சொன்னாள், லவனுக்கு நினைவில்லை, எனக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது? ஹேர்னிங் நகரசபைப் பகுதியைவிடச் சின்ன நாடாம். இன்றைக்கு வரைபடத்தில் இல்லை. இந்தக் காசு இதோடு உலகத்திலேயே நாலுதானாம். அது எப்படி இந்த யூலண்ட் பக்கத்து வயலுக்கு வந்ததென்று ஒருவருக்கும் தெரியாதாம்.

"இது கடையில் கொடுத்து வாங்குகிற காசு இல்லை" என்று அவள் டேனிஷில் சொன்னாள். "அந்தக் காலத்தில் அரச குடும்பத்தில் ஒரு சாவு நடந்தால், நினைவுக்காக அடித்துச் சவ ஊர்வலத்தில் கொடுப்பார்கள். இது இளவரசனின் மகளுக்காக அடித்தது. எத்தனை காலம் உயிரோடு இருந்தாள் என்று பின்பக்கம் எழுதியிருக்கிறது. எட்டு மாதம், பன்னிரண்டு நாள்."

குசினிச் சுவரில் கலண்டர் தொங்கியது. மகேந்திரராசா விரல் வைத்து எண்ணினார். மார்ச் பதினான்கு... நவம்பர் பதினான்கு... அதிலிருந்து பன்னிரண்டு நாள். நாளை மறுநாள்.

காசைத் திருப்பித் தரமுடியுமா என்று கேட்டார். அவள் சிரித்தாள். பகிடி விடுகிறார் என்று நினைத்தாள்.

அடுத்த நாள் இரவே லவன் மூன்று பேரிடம் கேட்டு ஒரு பத்துக் குரோனர் காசு கொண்டுவந்து கொடுத்தான். எதற்கென்று கேட்டதற்கு, "வித்தா வாங்கத்தானே வேணும்" என்றாராம் பெரியப்பா. மனிதருக்கு மூளை குழம்பிவிட்டது என்றுதான் லவன் நினைத்தான். அதை இன்றைக்கும் சொல்லி வருந்துகிறான்.

இருபத்தாறாம் திகதி. மூன்றரை மணி. அதே கிரவல் பாதை. காலையிலேயே சுஜீதாவிடம், "இண்டைக்கு மட்டும் பிள்ளையை வெளியிலை விடாதை" என்று கெஞ்சியிருந்தார். அவளும் உள்ளே தொட்டிலில்தான் கிடத்தினாள். இவர் வயலுக்குள் நடந்தார். சேறு சப்பாத்தைப் பிடித்து இழுத்தது. போன வருடம் தோண்டிய இடத்தைக் கண்டுபிடித்து மண்டியிட்டார். பத்துக் குரோனரை மண்ணுக்குள் அழுத்தினார்.

"என்ர பேத்தியை வாங்கிறன்" என்றார்.

ஒன்றும் இல்லை. தோப்பிலிருந்து ஒரு காகம்கூடக் கத்தவில்லை. இருட்டு வயலின் ஓரத்திலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது... பிறகு வாசனை. அணைத்த திரி. ஈரக் கம்பளி. பால். பிறகு தோப்புக்குள்ளிருந்து, மிகக் கிட்ட...

கிரீச்... கிரீச்...

கைபேசி அடித்தது. சுஜீதா.

"அப்பா... பிள்ளை எழும்புறாள் இல்லை. மூச்சு இருக்கு... ஆனா எழும்புறாள் இல்லை, அப்பா!" பின்னால் அவள் புருஷன் தாரகன் அம்புலன்சுக்கு முகவரி சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான்.

மகேந்திரராசா கைபேசியை அணைக்கவில்லை. அது கை நழுவி மண்ணில் விழுந்திருக்கவேண்டும். அதனால்தான் இந்தக் கதை இன்றைக்கு எங்களுக்குத் தெரியும். சுஜீதா மடியில் குழந்தையோடு, காதில் கைபேசியோடு இருந்தாள். தூரத்தில் அப்பாவின் குரல். தன்னோடு கதைக்கவில்லை, பக்கத்தில் நிற்கும் யாரோடோ கதைக்கிறார்.

"காசு வேண்டாமெண்டா என்னை எடு. அவளை விடு... தாய்க்காரி தாங்கமாட்டாள். உனக்குத் தெரியும்தானே... உனக்குத் தெரியாதே?"



பிறகு கைபேசிக்குள், அப்பாவின் குரலைவிட மிகக் கிட்டத்தில், காதோடு காதாக, ஒரு பெண் மூச்சை உள்ளிழுத்தாள். ம்ம்ம்... என்றாள்.

அதே நொடியில் குழந்தை வீரிட்டு அழுதது. பசி அழுகை. சுஜீதாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, மாதக்கணக்கில் பட்டினி கிடந்ததுபோல முட்டி முட்டிக் குடித்தது. அம்புலன்சில் வந்தவர்கள் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று சொல்லிப் போனார்கள். சுஜீதா குழந்தையைக் கையை விட்டு இறக்காமல் விடியும்வரை இருந்தாள். அன்றைக்கு அவள் அழுத அழுகைக்குச் சந்தோஷம் என்றுதான் பெயர் சொல்லவேண்டும்.

அன்று பின்னேரம் ஐந்து மணியளவில் மகேந்திரராசா வீட்டுக்கு வந்தார். முழங்காலெல்லாம் சேறு. முகம் அமைதி. என்ன நடந்தது என்று தவமணி கேட்டாள். களைப்பாயிருக்கு என்றுவிட்டுப் படுத்துவிட்டார்.

குழந்தை நன்றாக இருக்கிறது. இப்போது ஓடித் திரிகிறது. அதற்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்து வந்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லவன் அவர்களைப் பார்க்கப் போயிருந்தான். பின்னேரம் மூன்று மணி. வெளியே பூச்சியத்துக்குக் கீழே மூன்று பாகை குளிர். பெரியப்பா எங்கே என்று கேட்டான். தவமணி பின்கதவைக் காட்டினாள். பின்பக்கத் தாழ்வாரத்தில், சாய்வுக் கதிரையில், அறுபத்தொரு வயது மனிதர் நித்திரை. கழுத்திலிருந்து பாதம்வரை போர்வை சுற்றியிருந்தது. பட்டி பட்டியாக, இறுக்கமாக, நுனி அடியில் செருகி. கை இரண்டும் உள்ளே. தானாகச் சுற்றிக்கொள்ள முடியாத சுற்று.

"ஆர் பெரியம்மா இப்பிடிச் சுத்தி விட்டது?"

"நான் இல்லை" என்றாள் தவமணி. தேத்தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், கரண்டி கோப்பையில் தட்டிக்கொண்டே இருந்தது. "அவர் இப்ப சோறு தொடுறேல்லைத் தம்பி. நவம்பரிலை இருந்து ஒரு பருக்கை இல்லை. பாணும் இல்லை. நான் அழுது மண்டாடிப் பாத்திட்டன்."

 டொக்டரிடம் காட்டவில்லையா என்று லவன் கேட்டான்.

"காட்டினனான்" என்றாள். கரண்டியைக் கீழே வைத்தாள். "போன கிழமை நிறுத்துப் பாத்தவை. மூண்டு கிலோ கூடியிருக்கு."